சவிரி அண்ணை மூடிய இரண்டு துளைகள்

பல்லியின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டுவிட்டு, ஒருவரும் வாய் திறக்காத எரிச்சலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் சுகந்தி வகுப்புக் கொட்டிலின் வாசலுக்கு வந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கொட்டிலில் முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து படித்தவள், இப்போது பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறாள். பழைய மாணவர்கள் பாட நேரத்தில் வந்து சுகம் விசாரிப்பது எனக்குப் பிடிக்காது. "பாடம் முடியட்டும், பிறகு கதைப்பம்" என்று சிடுசிடுத்தேன். அவள் நகரவில்லை. சைக்கிள் கைப்பிடியை விடாமல், "சேர், சவிரி அண்ணை இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டார்" என்றாள்.

நான் கரும்பலகைக்குத் திரும்பி "மூன்று அறைகள்" என்று எழுதினேன். அதற்குக் கீழே கோடும் போட்டேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சுகந்தியோடு செத்த வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் நான் அவளோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. துக்கத்தில் சேருக்குப் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்திருப்பாள். பாதி அதுதான். மற்றப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சவிரிமுத்து அண்ணையை உங்களில் பலருக்கு முகத்தால் தெரியும், கையால் அதைவிட நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், தனியார் வகுப்பு நடக்கும் எங்கள் ரியூட்டரியில் உயர்தர விலங்கியல் படித்தவர்கள் தவளையின் குருதிச் சுற்றோட்டத்தையும் மண்புழுவின் குறுக்குவெட்டுமுகத்தையும் படித்தது அவர் கீறிய படங்களில்தான். அதற்கு முன் அவர் குருநகரில் வள்ளங்களுக்குப் பெயரும் இலக்கமும் எழுதியவர். போரால் கடலில் இறங்க முடியாமல் போனதும் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, கவிழ்ந்து கிடக்கும் வள்ளத்துக்கு யார் பெயர் எழுதுவிப்பார்கள்? செல் என்கிற எறிகணை விழத் தொடங்கியதும் மனைவி திரேசம்மாவோடு எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்தார். வந்த கிழமையே ரியூட்டரி வாசலில் நின்று, "சேர், எனக்குப் படிப்பு ஐஞ்சாம் வகுப்பு. ஆனால் பாத்ததை அப்பிடியே கீறுவன்" என்று சொன்னார். நான் அவரை நம்பவில்லை. மேசையில் கிடந்த கரப்பான் பூச்சி ஒன்றைக் காட்டி, கீறுங்கோ என்றேன். கீறித் தந்த படத்தில் ஒரு கால் குறைவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் அவரை ஒரு பிடி பிடிக்கப் பார்த்தேன். பிறகுதான் மேசையைப் பார்த்தேன். அந்தப் பூச்சிக்கே ஐந்து கால்தான் இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் குறிப்புகளெல்லாம் ரோனியோவில்தான் வந்தன. ஸ்ரென்சில் என்னும் மெழுகுத் தாளில் ஊசியால் கீறி, உருளையில் சுற்றிக் கையால் சுழற்றினால், கீறிய இடத்தால் மை இறங்கிப் படம் விழும். வேண்டாத இடத்தில் சின்ன ஓட்டை விழுந்தாலும் மை இறங்கி, தாளில் கறுப்புத் திட்டாக நிற்கும். அதை மூடுவதற்கென்று கடைகளில் ஒரு சிவப்புத் திரவம் விற்றார்கள். பொருளாதாரத் தடையில் அதுவும் வராமல் போனது. சவிரி அண்ணை மனைவியின் கல்யாணப் பெட்டிக்குள் கிடந்த நகப்பூச்சைக் கொண்டுவந்தார். "திரேசம்மா இனி நகத்துக்குப் பூசி எங்கை போகப் போறா?" என்றார். அந்தச் சின்னப் போத்தலோடு எங்கள் ரோனியோ ஒன்றரை ஆண்டு ஓடியது. பத்திரிகையே அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான காலம், ஒரு தாள் பழுதானால் எனக்கு நெஞ்சு பதறும். ஒருமுறை இதயத்தின் படத்தில் இரண்டு திட்டு விழுந்துவிட்டது. "ஓட்டையைக் கண்டால் மூடுங்கோ, கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் அதற்குப் பிறகும் கேட்டுத்தான் செய்வார்.

அந்த ஆண்டு பை விலங்குகள் பற்றிய குறிப்பைத் திருத்தி எழுதினேன். வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்குகளை எங்கள் பழைய பாடநூல் கங்காருவில் தொடங்கிக் கங்காருவிலேயே முடித்துவிடும். அவற்றுக்குள் ஊன் தின்னுபவையும் உண்டு என்பதும், அவை நாயோடும் பூனையோடும் ஒரு வருணத்தில், அதாவது ஒரே உயிரினப் பிரிவில், சேராமல் தங்களுக்கென்று தனி வருணமாக நிற்கின்றன என்பதும் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தஸ்மேனிய ஓநாய் என்று ஒரு மிருகம் இருந்தது. பார்த்தால் நாய் என்றுதான் சொல்வீர்கள். ஆனால் வயிற்றில் பை. நாய்க்கும் அதற்கும் உறவு மிகமிகத் தூரம், இரண்டும் ஓடி வேட்டையாடிப் பிழைத்ததால் ஒரே சாயலுக்கு வந்தவை. மண்டையோட்டை மட்டும் கையில் தந்தால் நாயென்று ஏமாறாதவர்கள் குறைவு. புரட்டி அண்ணத்தைப் பார்க்க வேண்டும். வாயின் மேற்கூரையில், பின்பக்கமாக, நீளவாட்டில் இரண்டு பெரிய துளைகள் இருக்கும். நாய்க்கு அந்த இடம் மூடிய எலும்பு.

துளைகளை விட்டு, இந்தச் சாயல் கதையை மட்டும் நான் சவிரி அண்ணைக்குச் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "ஓங்கிலும் சுறாவும் அப்பிடித்தானே சேர். கடலுக்குள்ளை பாத்தால் ரெண்டுக்கும் ஒரே முதுகு. வாலைப் பாத்தால்தான் ஆள் ஆர் எண்டு தெரியும். சுறா வாலைப் பக்கப்பாட்டுக்கு ஆட்டும், ஓங்கில் மேலையும் கீழையும் அடிக்கும்" என்றார். ஓங்கில் என்று அவர் சொன்னது டொல்பினை. பிறகு, "சாயலை வைச்சுச் சொந்தம் சொல்லக்கூடாது" என்றும் சொன்னார். அந்த வசனத்தை நான் அப்படியே எழுத்துத் தமிழாக்கிக் குறிப்பின் தலைப்பில் போட்டேன். அவருடைய பெயரைப் போடவில்லை.

மண்டையோட்டின் படம் கொழும்பிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய போட்டோப் பிரதியில் இருந்தது. அதுவும் பிரதியின் பிரதி. யாரோ எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் காவி வந்த தாளிலிருந்து எடுத்தது என்பதால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கறுப்புத் திட்டுகள். ஒரு மடிப்பு அண்ணத்தின் நடுவால் போனது. சவிரி அண்ணை நாயின் மண்டையோட்டையும் ஓநாயின் மண்டையோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்ரென்சிலில் கீறினார். கீறி முடித்து, ஸ்ரென்சிலையும் போட்டோப் பிரதியையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

நான் அப்போது மாதிரிச் சோதனை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பிள்ளை வௌவாலைப் பறவை என்று எழுதியிருந்தது. கடுப்பில் இருந்தேன்.

"சேர், மேல்வாயிலை ரெண்டு ஓட்டை கிடக்கு. இது மண்டையின்ரையோ, மடிப்பின்ரையோ?"

"மடிப்பு."

"ஒருக்கால் பாருங்கோ சேர். ரெண்டும் ஒரே அளவாய்க் கிடக்கு. மடிப்பு இப்பிடிச் சோடியாய் விழாது."

"மடிப்புத்தான் அண்ணை. மூடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

நான் நிமிரவில்லை. அவர் போய்த் தான் கீறிய இரண்டு துளைகளின் மேலும் நகப்பூச்சைப் பூசி மூடினார். அண்ணத்தில் இரண்டு துளைகள் உண்டு என்று அதே குறிப்பின் அடுத்த பக்கத்தில் எழுதியவனும் நான்தான். அவர் படத்தைத்தான் பார்த்தார். எழுத்து வேறு ஸ்ரென்சிலில் இருந்தது.

நூற்றுச் சொச்சம் பிரதிகள் அடித்துக் கொடுத்தோம். சோதனைக்குப் பத்துப் பதினொரு நாள் இருக்கும்போது சுகந்தி எழுந்து, "சேர், துளை எண்டு எழுதியிருக்கு, படத்திலை துளையைக் காணேல்லை. ரெண்டு மண்டையும் நாயின்ரை மாதிரிக் கிடக்கு" என்றாள். தாளைப் பார்த்தேன். பார்த்த அந்தக் கணத்திலேயே சவிரி அண்ணையின் கேள்வி காதில் கேட்டது. மடிப்பு என்று நான் சொன்னதும் கேட்டது. வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கொட்டிலின் பின்னால் ரோனியோவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அது படம் கீறினவர் விட்ட பிழை" என்று சொன்னேன்.

இவ்வளவுதான். என் வாயிலிருந்து தடுமாறாமல் வந்தது. சவிரி அண்ணை கொஞ்சம் முன்னுக்கு வந்து, "ஓம் பிள்ளையள், நான்தான் ஓட்டையை மூடிப்போட்டன்" என்றார். மூடியது உண்மைதானே. பொய் சொல்லாமலே என்னைக் காப்பாற்றிவிட்டார்.

வேறு ஸ்ரென்சில் இல்லை, தாளும் இல்லை. அன்று வகுப்புக்கு வந்தவர்கள் பாதிப் பேர்தான், மிச்சப் பிள்ளைகள் வகுப்பை நிறுத்தி வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். வீடென்று சொன்னாலும் அதில் அரைவாசி அகதி முகாம், மாமா வீடு, கோயில் மண்டபம். சவிரி அண்ணை பெயர்ப் பட்டியலை வாங்கினார். ஒரு கறுப்புப் பேனையை எடுத்தார். ஒவ்வொரு பிள்ளையாகத் தேடிப் போய், ஒவ்வொரு தாளிலும் தன் கையாலேயே இரண்டு துளைகளைக் கீறப் போவதாகச் சொன்னார். பிள்ளைகளே கீறிக்கொள்ளலாம், ஆள் மூலம் சொல்லிவிட்டால் போதும் என்றேன். "ஆள் மூலம் போற கதை இடம் மாறிப்போகும் சேர். முன்னுக்குக் கீறினாலும் பிழை, பின்னுக்குத்தானே வேணும்" என்றார்.

முதல் நாள் நானும் அவரோடு போனேன். மருதனார்மடம் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றோம். அங்கேதான் துணிந்து, "சவிரி அண்ணை, அண்டைக்கு நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்கள்..." என்று தொடங்கினேன்.

அவர் பம்பை நிறுத்தவில்லை. "விடுங்கோ சேர். இன்னும் பத்து நாளிலை சோதினை. உந்தப் பிள்ளையள் உங்களை நம்பித்தான் எழுதப் போகுதுகள். சேர் சொன்னது ஒண்டு பிழை எண்டால், மிச்சமும் பிழையோ எண்டு யோசிக்குங்கள். என்னை நம்பி ஒருத்தரும் சோதினை எழுதேல்லை."

அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த நாள் எனக்குச் சளி, தடிமன் என்று சொன்னேன். மற்ற எட்டு நாளும் அவர் தனியே போனார். நெல்லியடியில் இருந்த ஒரு பிள்ளைக்காக வல்லை வெளியைத் தாண்டினார். ஒதுங்க ஒரு மரமில்லாத அந்த வெளியில் ஹெலிகொப்டர் வந்து சுற்ற, சைக்கிளைப் போட்டுவிட்டு உப்புச் சேற்றில் குப்புறக் கிடந்தாராம். பேனையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்ததால் மை கக்கி நெஞ்சு முழுக்கக் கறுப்பு. வந்து அதைத்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பட்டியலில் ஒரு பெயர் விடாமல் எல்லாவற்றுக்கும் நேரே சரி அடையாளம் போட்டுத் தந்தார்.

சோதனை முடிந்தது. முடிவும் வந்தது. சுகந்தி போன்றவர்கள் பல்கலைக்கழகம் போனார்கள். அதற்குப் பிறகு எனக்கு என்ன சாட்டு இருந்தது? ஒன்றுமில்லை. பிள்ளைகள் அவருக்கு "ஓட்டை மூடின அண்ணை" என்று பெயர் வைத்தார்கள். அன்போடு வைத்த பெயர்தான், அடுத்தடுத்த ஆண்டுப் பிள்ளைகளும் காரணம் தெரியாமலே அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் ஓம் என்று திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டேன். ஆறறிவு படைத்த ஒரு விலங்கு தன் கோழைத்தனத்துக்கு எத்தனை நியாயம் கண்டுபிடிக்கும் என்பதை எந்தப் பாடநூலிலும் நான் படிக்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன். சர்க்கரை வியாதிக்காரர். காலில் ஆணி ஏறிய புண் ஆறவில்லை, வேண்டிய மருந்து குடாநாட்டில் கிடைக்கவில்லை. காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி படுத்திருந்தவர் என்னைக் கண்டதும், "சேர், அந்தப் பை ஓநாய் இப்ப உலகத்திலை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. கடைசி ஒண்டு கூட்டுக்குள்ளை கிடந்து செத்தது."

"அப்ப அதுக்கெண்டு ஒரு சொந்தமும் மிச்சமில்லை."

"இருக்கு. தஸ்மேனியப் பேய் எண்டு ஒண்டு, புள்ளிப் பூனை எண்டு ஒண்டு. கறையான் மட்டும் தின்னுற சின்னன் ஒண்டும் அதே வருணத்திலைதான்."

"கறையான் தின்னியும் ஊன் தின்னியளோடையோ?" என்று சிரித்தார். "நல்லது. சாப்பாடு மாறினாலும் வீட்டை விட்டுக் கலைக்கேல்லை."

திரேசம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். சொல்ல இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வாறன் அண்ணை என்று எழுந்து வந்துவிட்டேன்.

செத்த வீட்டில், பெட்டியைச் சுற்றிப் பெண்கள் செபமாலை சொல்லி முடித்த இடைவெளியில், சுகந்தி பழைய மாணவர்களுக்கு அந்த ஓட்டைக் கதையைச் சொன்னாள். தன் பிழைக்காக ஒரு மனிதன் ஒன்பது நாள் சைக்கிள் மிதித்தான் என்று கண் கலங்கச் சொன்னாள். அழுதுகொண்டே சிலர் சிரித்தார்கள். திரேசம்மாவும் தலையை நிமிர்த்தி, "ஓம் பிள்ளை, தன்ரை கை பிழைச்சுப்போச்செண்டு எனக்கும் சொன்னவர்" என்றார். மனைவிக்குக்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை! நான் கதவோரம் நின்றேன். எல்லோரும் இருந்தார்கள், வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அவர் பெட்டிக்குள் கிடக்கும்போதும் ஒருமுறை அவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி வீட்டார் கேட்டார்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதல் எழுத்தில் அவருடைய பொறுமையைப் புகழ்ந்திருந்தேன், அடுத்ததில் கலைத்திறனை. மூன்றாவது முறை மேலே உள்ளதை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் திரேசம்மாவிடம் கொண்டுபோய், அவர் முன்னால் உட்கார்ந்து, கடைசி வரி வரை வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் திரேசம்மா பேசினார்.

"மூண்டு வருசம் சேர். மூண்டு வருசமாய் அந்த மனுசனை நான் பகிடி பண்ணினனான். மீன் வாங்கப் போகேக்கை, கண்ணைத் திறந்து பாத்து வாங்குங்கோ, உங்களுக்கு ஓட்டையும் தெரியாது எண்டு சொல்லுவன். சிரிச்சுக்கொண்டு போவார். ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் சொன்னனான். கேட்டுக் கேட்டுச் செய்த மனுசன். இதை அவர் இருக்கேக்கை சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பன் எல்லே?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. வாசல் படலை வரைக்கும் வந்தவர், "இதை நடுப் பக்கத்திலை ஒளிக்காதேங்கோ. முதல் பக்கத்திலை போடுங்கோ. அவரின்ரை படத்துக்கும் முன்னாலை" என்று மட்டும் சொன்னார். இந்த மலரில் செபமும் படமும் பின்னுக்குப் போனதற்குக் காரணம் அதுதான்.

சவிரி அண்ணையிடம் படம் வாங்கிப் படித்தவர்களே, அவருடைய கை பிழைக்கவில்லை. இருந்ததை இருந்தபடி கீறினார், சந்தேகம் வந்தது, கேட்டார், திரும்பவும் கேட்டார். அந்தப் பட்டப் பெயரை இனி அவருக்குச் சொல்லாதீர்கள். சொல்லத்தான் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் திரும்பிப் பார்ப்பேன். அவருடைய பேனையோ ஊசியோ என்னிடம் இல்லை, கேட்கவும் எனக்கு உரிமையில்லை. அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியது அந்தப் பிழை ஒன்றுதான். மூன்று ஆண்டுகள் எனக்காக அவர் சுமந்தார். வாங்கிக்கொள்ளப் போனபோது தர அவர் இல்லை, அவருடைய மனைவியின் கையிலிருந்துதான் வாங்கினேன்.